பின்கட்டு ஜீப்

சுந்தரேஷுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. லோதி ரோட்டில் அவர் குடியிருந்த அரசாங்க வீட்டின் பின்கட்டைப் பார்த்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள். அங்கே பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று பச்சைப் பெயின்ட் பளபளக்க நின்றுகொண்டிருந்தது. அதன் ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, துரு நீக்கி, எண்ணெய் போட்டுத் திரும்ப மாட்டியவர் அவர்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒரு முழம் நகர்த்தச் சொன்னால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

கும்பகோணத்திலிருந்து பரீட்சை எழுதித் தேர்வாகி டெல்லிக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு ஆபீஸ்காரர்களை ஏற்றிப்போகும் சார்ட்டர்ட் பஸ்தான். ஜன்னலோர சீட்டு, பாதித் தூக்கம், ஆபீஸ். அசிஸ்டன்ட்டாகச் சேர்ந்து அண்டர் செக்ரட்டரி வரை வந்துவிட்டார், பெயரில் ஒரு சின்னக் கறை கிடையாது. அதற்குக் காரணம் ரொம்ப எளிமையானது. எந்த விஷயத்திலும் அவர் தானாக முடிவெடுத்ததில்லை. "எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்பார். கோப்பு பக்கத்து அமைச்சகத்துக்குப் போகும், அங்கிருந்து இன்னொன்றுக்குப் போகும், எதைக் கேட்டோம் என்று எல்லோருக்கும் மறந்துபோகிற சமயத்தில் திரும்பி வரும். சுந்தரேஷால் கெட்ட காரியமும் இல்லை, நடந்த காரியமும் இல்லை என்று ஆபீசில் கேலி செய்வார்கள். அது அவர் காதுக்கும் வரும், அவரும் சேர்ந்து சிரித்துவைப்பார்.

ஜீப் அவரிடம் வந்ததுகூட அவர் முடிவெடுத்து வந்ததல்ல. அந்த வீட்டில் முன்பு இருந்தவர் நிலவியல் ஆராய்ச்சிக்காரர். இலாகா ஏலத்தில் எடுத்த ஜீப்பைப் பின்கட்டில் போட்டுவிட்டு ஷில்லாங்குக்கு மாற்றலாகிப் போய்விட்டார். "நீங்களே வெச்சுக்கோங்கோ, இல்லேன்னா பழைய இரும்பு வாங்கற கபாடிவாலாவைக் கூப்பிட்டுக் குடுத்துடுங்கோ" என்று போனில் சொல்லிவிட்டார். சுந்தரேஷ் உடனே செய்த காரியம் வண்டியை முறைப்படி தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. அதன் டயர்கள் மண்ணில் பாதி புதைந்திருந்தன. இன்ஜினுக்குள் அணில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட வண்டிக்குப் பெயர் மாற்றம் கேட்டு வரிசையில் நின்ற ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேப்பர் படித்தாயிற்று, காபி ஆயிற்று, செய்வதற்கு ஒன்றுமில்லை. பின்கட்டுக்கு வந்தவர் கையில் கிடைத்த ஸ்க்ரூடிரைவரால் பானட்டின் துருவைச் சும்மா சுரண்டினார். செம்பழுப்பாக ஒரு பொருக்கு உதிர்ந்தது. அடியில் சுத்தமான இரும்பு தெரிந்தது. உப்புத்தாள் வாங்கிவந்து தேய்த்தார். மதியச் சாப்பாட்டுக்குள் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துவிட்டது. ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து அவர் தொட்டது எதுவும் ஒரே நாளில் இப்படி மாறியதில்லை. அதைவிட ஆச்சரியம், இதற்காக அவர் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தபோது அவருக்குக் காரணம் தெரியாமல் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜீப்தான். பிடித்துக்கொண்ட போல்ட்டுகளை முதல் நாளே மண்ணெண்ணெயில் நனைத்துவைப்பார். கார்புரேட்டரைப் பிரித்துப் பழைய எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்புவார். இரண்டு தடவை தப்பாக மாட்டி, மூன்றாம் தடவை சரியாக மாட்டுவார். தரைத் தகடு ஓட்டையாகிப் போயிருந்தது. அதற்கு ஒட்டுப்போட வெல்டிங்காரரை வீட்டுக்கே அழைத்து வந்தார். இன்ஜினை இறக்க வேப்பமரக் கிளையில் சங்கிலி கட்டியபோது மாடி வீட்டு சர்தார்ஜி எட்டிப் பார்த்து, மரம் சர்க்கார் சொத்து என்று நினைவூட்டினார். சுந்தரேஷ் பாட்டுக்குச் சங்கிலியை இழுத்தார். ஆபீஸ்காரர்கள் பார்த்திருந்தால் இது வேறு யாரோ என்று நினைத்திருப்பார்கள்.

அவர் மனைவி ஹம்சா முதல் இரண்டு வருஷம் இந்தக் கூத்தில் கலந்துகொள்ளவில்லை. டெல்லியிலேயே மந்திர் மார்க் பக்கம் பிறந்து வளர்ந்தவள், லக்ஷ்மிபாய் நகரில் தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பது வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்றுக்கொண்டு, வீட்டுச் சின்ன காரை ரிங் ரோட்டில் ஓட்டுகிறவள். பக்கத்து சீட்டில் சுந்தரேஷ் கதவுப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ராமா ராமா என்று வருவார்.

ஹம்சாவுக்கு ஒரு ஆசை இருந்தது. ஒரு தடவை பள்ளிக்கூடப் பிள்ளைகளை மசூரிக்கு அழைத்துப் போனபோது மலை வளைவில் பஸ் பஞ்சராகி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி நிற்கையில் கீழேயிருந்து ஒரு ஜீப் ஏறி வந்தது. பின்னால் முட்டைக்கோஸ் மூட்டைகள். ஓட்டியவள் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்பிள்ளை, கிட்டத்தட்ட ஹம்சாவின் வயது. அவ்வளவு குறுகலான வளைவை ஒடித்துத் திருப்பிக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக் கையையும் ஆட்டிவிட்டுப் போனாள். "அன்னிக்கே நினைச்சுண்டேன், ஒரு நாளாவது மலையில நானே ஜீப் ஓட்டணும்னு" என்று ஹம்சா அவரிடம் சொல்லியிருக்கிறாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவரும் "ஓஹோ" என்றார், எல்லாப் புருஷர்களையும் போல.

பின்கட்டில் இருந்த குப்பை மெல்ல மெல்ல வண்டி உருவத்துக்கு வந்தபோது அவளே இறங்கி வந்தாள். "ஏன்னா, இதுக்கு மேல துணி யாரு போடுவா?" என்று கேட்டாள். கான்வாஸ் வாங்கி வந்து அளவெடுத்தாள். தையல் மிஷினில் ஊசி மூன்று ஒடிந்தது. சரி, சலோ என்று சாக்குத் தைக்கும் கோணி ஊசியை எடுத்துக்கொண்டு, உள்ளங்கையில் தோல் துண்டு வைத்துக் கட்டிக்கொண்டு கையாலேயே தைத்தாள். ஒரு குளிர்காலம் முழுக்கப் பின்கட்டு வெயிலில் உட்கார்ந்து கூரையும், அடுத்த குளிர்காலத்தில் சீட் உறைகளும் தைத்து முடித்தாள். அவர் அடியில் படுத்திருப்பார், அவள் மேலே தைத்துக்கொண்டிருப்பாள். இருவரும் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் இருந்தது கல்யாணமான புதிதில்கூடக் கிடையாது.

நடுவில் டெல்லிக்குச் சட்டம் வந்தது. டீசல் வண்டிக்குப் பத்து வருஷம், பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து, அதற்கு மேல் ரோட்டில் தலை காட்டக் கூடாது. "நம்ம வண்டி எங்க ரோட்டுக்குப் போறது" என்று சுந்தரேஷ் சமாதானம் சொல்லிக்கொண்டார். அப்போது அதற்கு இன்ஜினே தரையில்தான் இருந்தது.

போன குளிர்காலத்தில் இன்ஜின் உயிர்பெற்றது. இருமி, புகை கக்கி, அப்புறம் ஒரே சீராக ஓடியது. ஹம்சா ஓடிப்போய் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சுந்தரேஷ் சம்மதிக்கவில்லை. "பிரேக் இன்னும் சரியாகலை. நான் சரின்னு சொல்ற வரைக்கும் எடுக்கப்படாது" என்றார். அந்தச் "சரி" வருவதற்கு அடுத்த மழைக்காலம் முடியவேண்டியிருந்தது. அதற்குள் அவருடைய ரிடையர்மென்ட்டும் வந்துவிட்டது. வீட்டைக் காலி செய்யவேண்டும்.

வழி ஒன்று இருந்தது. அவர்களுடைய சிநேகிதர் விஸ்வநாதன் டெஹ்ரி பக்கம் அணை வேலைக்குப் போனவர், ஓய்வுபெற்றும் மலையிலேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். ஜீப்பைக் கொண்டுவந்து விடுங்கள், கோடைக்குக் கோடை நீங்களும் வாருங்கள் என்றார். ஏற்றி அனுப்பத் தர்மன் இருந்தார். நாமக்கல்காரர், டெல்லியில் லாரி புக்கிங் நடத்துகிறவர். "தார்ப்பாயைப் போத்தி ஏத்தினா மறுநாள் மலையில இருக்குமுங்க சார். யாரையும் ஒண்ணும் கேக்காதீங்க" என்றார். ஹம்சா மலையில் போட்டுக்கொள்ள ஒரு ஸ்வெட்டர் வாங்கினாள்.

எல்லாம் கூடிவந்த சமயத்தில் சுந்தரேஷுக்குப் பழைய வியாதி வந்தது. எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே. வண்டி தன் பெயரில் இருக்கிறது, வேறு மாநிலத்துக்குப் போகிறது, முறைப்படி ஒரு அனுமதி வாங்கிக்கொண்டால் நல்லதுதானே என்று நினைத்தார். வீட்டில் சொல்லாமல் ஒரு காலையில் கிளம்பி, வண்டிகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போனார்.

கவுன்ட்டரில் இருந்த பையன் நல்லவன். நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோக அனுமதி வாங்கும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்று ஹிந்தியில் சொன்னான். சுந்தரேஷின் நரைத்த தலையைப் பார்த்து அவனுக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். "அங்கிள்ஜி, இவ்வளவு பழைய வண்டி, எப்பவோ காயலான் கடைக்குப் போயிருக்குமே?" என்று எடுத்துக்கொடுத்தான். இல்லை, என் வீட்டில்தான் இருக்கிறது என்றார் சுந்தரேஷ். "அச்சா, ஓடாம சும்மா கிடக்கும், இல்லையா?" என்றான். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பிரமாதமாக ஓடுகிறது, நானே செய்தேன் என்றார். பையன் பெருமூச்சு விட்டு, அவர் தப்பிக்க மூன்றாவது கதவையும் திறந்துவைத்தான். "சரி, விலாசம் மாறிப்போயிருக்குமே?" சுந்தரேஷ் லோதி ரோட்டு விலாசத்தை, பிளாக் எண் உட்பட, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அப்படியானால் வண்டியை உடைக்கக் கொடுத்துவிடவேண்டும், ஆள் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் பையன் அடுத்தவரைக் கூப்பிட்டான்.

பஸ் ஸ்டாப் வரை நடந்துவந்த பிறகுதான் என்ன நடந்தது என்பது அவருக்கு உறைத்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார்.

சாயங்காலம் ஹம்சா பள்ளியிலிருந்து வந்ததும் சொன்னார். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நின்றபடியே கேட்டாள்.

"யாராவது கூப்பிட்டாளா உங்கள?"

"இல்ல."

"பின்ன என்னத்துக்குப் போனேள்?"

"முறைன்னு ஒண்ணு இருக்கே, ஹம்சா."

"ஊர்ல இருக்கறவாளையெல்லாம் போய்க் கேட்டுட்டு வந்திருக்கேள். என்னை ஒரு வார்த்தை கேட்டேளா? அந்தக் கூரை நான் தெச்சது. அந்த சீட் நான் தெச்சது. மலைல ஓட்டப் போறது நான். கேட்டேளா?"

உண்மையில் அவளைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆபீசில் ஒரு அறைக்குள்ளேயே முடிகிற விஷயத்துக்குக் கூட மூன்று அமைச்சகங்களைக் கேட்ட மனிதர், வீட்டில் பாதி வண்டிக்குச் சொந்தக்காரியைக் கேட்கவில்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெங்களூரிலிருந்து மகள் ஸ்ம்ருதி போன் செய்தாள். "அப்பா, யாராவது தானா போய் கேப்பாளா? சீரியஸ்லி?" என்றாள்.

அடுத்த வாரம் இரண்டு பேர் மரியாதையாக வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்து, வருகிற திங்கட்கிழமை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்கள். அதில் ஒருவர் பானட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, பாவம் என்றார். அவர் யாரைச் சொன்னார் என்று சுந்தரேஷுக்குப் புரியவில்லை.

விஷயம் தெரிந்து தர்மன் போன் செய்தார். ஹம்சா பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தர்மனின் குரல் பெரிது, கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏனுங்க சார், திங்கக்கெழமைக்கு இன்னும் நாள் இருக்குதுங்களே. இன்னைக்கே லாரி அனுப்பறனுங்க. அவங்க வந்து கேட்டா வித்துப்போட்டேன்னு சொல்லிப்போடுங்க. இந்த ஊர்ல எவன் சார் திரும்பிக் கேப்பான்?"

ஹம்சாவின் கத்தி நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை, பீன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் காத்திருந்தாள். அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. ஒரே ஒரு "சரி" போதும். மலை, வளைவு, அவள் கையில் ஸ்டீயரிங், எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. அவர் வாயைத் திறந்தார்.

"வண்டி இங்கதான் இருக்குன்னு சொல்லிட்டேனே, தர்மன்" என்றார்.

அந்தப் பக்கம் தர்மன் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். ஹம்சா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். முப்பது வருஷ தாம்பத்தியத்தில் அவர்கள் சண்டை போட்டதுண்டு, பேசாமல் இருந்ததுண்டு. இந்தத் தடவை அவள் பேசினாள். சாதம் போடட்டுமா என்று கேட்டாள், கேஸ் புக் பண்ணணும் என்றாள். அதுதான் அவருக்குத் தாங்கமுடியவில்லை. தான் நல்லவனா, வெறும் பயந்தாங்கொள்ளியா என்று அந்த நாட்களில் யோசித்து யோசித்துப் பார்த்தார். பொய் சொல்ல வராதது குணமா, பழக்கமா? குணம் என்றால் அவளை இப்படி வருத்தப்பட வைத்திருக்குமா? ஞாயிற்றுக்கிழமை பின்கட்டுக்குப் போய், அழுக்கே இல்லாத ஜீப்பைத் துடைத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை லாரி வந்தது. பின்கட்டுக்கு வெளியே இருக்கும் சந்துக்குள் அது நுழையாது என்பதால், சந்து போய்ச் சேரும் ரோட்டோரத்தில் நிறுத்தி, பின்பக்கம் இரண்டு இரும்புச் சாய்வுப் பலகைகளை இறக்கிவைத்தார்கள். மேஸ்திரி ஹரியானாக்காரர், கனத்த ஆள். கொக்கி போட்ட கயிற்றைத் தோளில் சுமந்துகொண்டு பின்கட்டுக்கு வந்தார். அவர் குனிந்து பம்பரில் கொக்கியை மாட்டப்போனபோது வீட்டுக்குள்ளிருந்து ஹம்சா வந்தாள். பள்ளிக்கு லீவு சொல்லியிருக்கிறாள் என்பது சுந்தரேஷுக்கு அப்போதுதான் தெரிந்தது. புடவை இல்லை, கார் ஓட்டும்போது போடும் சல்வார் கமீஸ்.

"கயிறு வேண்டாம் பாய்சாப். அதுவே வரும்" என்று ஹிந்தியில் சொன்னாள்.

மேஸ்திரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கயிற்றைச் சுருட்டிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் தானாக நடந்து லாரியில் ஏறிய கிழட்டு வண்டி ஒன்றையும் தான் பார்த்ததில்லை என்று கூட வந்தவனிடம் சொன்னார்.

ஹம்சா ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள். சுந்தரேஷ் வேப்பமரத்தடியில் நின்றார். தன்னைக் கூப்பிடமாட்டாள் என்றுதான் நினைத்தார்.

"ஏறுங்கோ" என்றாள்.

அவர் சுற்றிவந்து மறுபக்கம் ஏறினார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அவள் கிளட்ச்சை விட்டாள். பன்னிரண்டு வருஷமாக ஒரே இடத்தில் இருந்த பின்கட்டுச் சுவர் அவர் பக்கத்தில் மெதுவாகப் பின்னால் போக ஆரம்பித்தது.

சந்து அப்படியொன்றும் நீளமில்லை. ஹம்சா இரண்டாவது கியர் போட்டாள். துணிக் கொடிகளும் கூலர்களும் மாடிப்படிகளும் கடந்துபோயின. சர்தார்ஜி பல்குச்சியும் வாயுமாக வெளியே வந்து, வியந்துபோய்க் கையை உயர்த்தினார். சுந்தரேஷுக்கு இந்த வண்டியின் ஒவ்வொரு உறுப்பும் தெரியும், ஆனால் அது ஓடும்போது எப்படி இருக்கும் என்று தெரியாது. முழங்காலுக்குக் கீழே தகடு அதிர்ந்தது. தலைக்கு மேல் கான்வாஸ் காற்றில் உப்பி அடங்கியது. இடது பக்கக் கதவில் எங்கேயோ ஒரு சின்னக் கடகடப்பு கேட்டது. கீல் லூஸ், ஒரு வாஷர் போட்டால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடலாம் என்று நினைத்தார். நினைத்த மறுகணம் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஹம்சா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முகம் சிவந்திருந்தது, உதடுகள் இறுக மூடியிருந்தன. அழுகையா சந்தோஷமா என்று அவரால் பிரித்துச் சொல்லமுடியவில்லை. இரண்டும்தான் என்று பட்டது. சந்து முடிந்த இடத்தில் நிறுத்தினாள். நேர் எதிரே சாய்வுப் பலகைகள். பக்கத்தில் லோதி ரோடு காலை வெயிலில் திறந்து கிடந்தது, பஸ்களும் ஆட்டோக்களும் போய்க்கொண்டிருந்தன. அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். பிறகு கியருக்குப் பக்கத்திலிருந்த இரண்டாவது கம்பியைத் தள்ளி நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து, முதல் கியரில் பலகைமேல் ஏற்றினாள். முன்பக்கம் தூக்கிக்கொண்டது. வானம்தான் தெரிந்தது. ஒரு தடுமாற்றமில்லாமல் ஜீப் ஏறி லாரியின் மேல் சமனாக நின்றது. கீழே யாரோ கை தட்டினார்கள்.

"மாதாஜி, இன்ஜினை நிறுத்துங்கள்" என்று மேஸ்திரி கீழேயிருந்து சத்தம் போட்டார்.

ஹம்சா சாவியைத் தொடவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தது.

"நீங்க நிறுத்துங்கோ" என்றாள்.

"நானா?"

"நீங்கதான்."

அவர் குனிந்து அவள் கைக்கு அடியில் கையை நீட்டினார். சாவி சூடாக இருந்தது, வண்டியோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. திருப்பினார். சத்தம் நின்றது.

"தப்புப் பண்ணிட்டேன், ஹம்சா."

"ஆமா" என்றாள் அவள். மேஸ்திரியின் ஆட்கள் ஏறி வந்து சக்கரங்களுக்குச் சங்கிலி போட ஆரம்பித்தார்கள். சுந்தரேஷ் இறங்குவதற்காகக் காலை வெளியே வைத்தார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவா சங்கிலி போட்டு முடிக்கட்டும்" என்றாள். "அது வரைக்கும் உக்காந்திருங்கோ."